சட்டப்படி ஒரு படம்

பெட்டி இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று இன்னாசிமுத்து எதிர்பார்க்கவில்லை. ஒரு சோப்புக்கட்டி மாதிரி உள்ளங்கையில் அடங்கிவிட்டது. கறுப்பு நிறம், ஓரமெல்லாம் வழவழப்பு, அடியில் நான்கு ரப்பர் பொட்டு. இதற்குள்ளா அவ்வளவு படமும் என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம்தான், அதற்குள் ஒன்றுமே இருக்காது, படமெல்லாம் வேறெங்கேயோ இருக்கும், இது கேட்டு வாங்கித் தருகிற ஆள் மாதிரி என்று மகள் ஜெனிட்டா போனில் சொன்னது நினைவுக்கு வந்தது. உள்ளே ஒன்றுமில்லை என்பதில் ஒரு நிம்மதி. யார் வந்து பிரித்துப் பார்த்தாலும் ஒன்றும் கிடைக்காது. யார் வரப்போகிறார்கள்? ஞாயிற்றுக்கிழமை, மணி பதினொன்று ஆகப்போகிறது, பூசை முடிந்து வந்து வேட்டியைக் களைந்து கைலிக்கு மாறியாயிற்று, சமையலறையில் பிலோமினா கறிக்கு இஞ்சி தட்டிக்கொண்டிருக்கிறாள். பாலக்கரையில் இந்த நேரத்துக்கு ஒவ்வொரு வீட்டிலும் இஞ்சிதான் தட்டுவார்கள், யாரும் யார் வீட்டுப் பெட்டியையும் பிரித்துப் பார்க்க வரமாட்டார்கள். டிவியைச் சுவரிலிருந்து கொஞ்சம் முன்னால் இழுத்து, பின்பக்கம் கையை விட்டு, கண்ணால் பார்க்காமல் விரல் நுனியாலேயே துளைகளைத் தடவினார். முதல் துளையில் கேபிள்காரர் சொருகிய வயர். இரண்டாவது காலி. பதினெட்டு வருஷமாகக் காலி என்று மனசு சொன்னது. அது தப்பு, இந்த டிவி வாங்கியே ஆறு வருஷம்தான் ஆகிறது. ஆனாலும் பதினெட்டு என்றுதான் வந்தது, எந்தக் கணக்கைத் தொட்டாலும் அந்தப் பதினெட்டில் போய் முட்டிக்கொள்வது அவர் மனசின் வழக்கம். பதினெட்டு வருஷமாக அவர் ஒரு படமும் முழுசாகப் பார்த்ததில்லை. டிவியில் படம் ஆரம்பித்தால் மோட்டார் சுவிட்சைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்துபோவார். விசேஷத்துக்குப் போன ஊரில் எல்லாரும் சேர்ந்து தியேட்டருக்குக் கிளம்பினால் அவருக்கு மட்டும் தலை வலிக்கும். பிலோமினா ஏன் என்று கேட்டதே கிடையாது. அவள் அந்தக் காலத்தில் ஒரு நாளைக்கு மூன்று படம் பார்த்த பெண். வயரைச் சொருகியதும் டக்கென்று பொருந்துகிற ஒரு சின்ன அழுத்தம் விரலுக்குத் தெரிந்தது. அந்த அழுத்தம் அவருக்குப் பிடிக்கும். கல்லூரி விடுதியில் எலக்ட்ரீசியனாக இருக்கிறவருக்கு ஒரு நாளில் பத்துத் தடவையாவது கிடைக்கிற சந்தோஷம் அது, சரியான இடத்தில் சரியான பொருள் போய் உட்காருகிற சந்தோஷம்.

திரை கறுப்பாகி, வெள்ளையாகி, வணக்கம் என்றது. பரவாயில்லையே, மரியாதை தெரிந்த சாமான். மொழியைத் தேர்ந்தெடு என்றது, தமிழ் என்று அமுக்கினார். வைஃபை பாஸ்வேர்டு கேட்டது. ரிமோட்டை வைத்துக்கொண்டு ஓர் எழுத்திலிருந்து இன்னோர் எழுத்துக்கு நகர்ந்து நகர்ந்து போவது, இருட்டில் பெஞ்சுக்குப் பெஞ்சு கையை வைத்து நடப்பது மாதிரி இருந்தது. ஒவ்வோர் எழுத்தும் வந்ததும் உடனே புள்ளியாக மறைந்துவிடுகிறது. பக்கத்தில் யாராவது எட்டிப் பார்த்தால் தெரியக்கூடாதாம். அவருக்கு மறைப்பது பற்றித் தெரியும். யாருக்குத் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரியும். புதன்கிழமை, அவள் வாங்கி அனுப்பிய பார்சல் வந்தபோது ஜெனிட்டா கோயம்புத்தூரிலிருந்து பேசினாள். "அப்பா, அதுல வர்றதெல்லாம் கம்பெனிக்காரங்களே குடுக்கிறதுப்பா. சட்டப்படிதான். யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க." கடைசி வாக்கியம் அன்றிலிருந்து பல்லிடுக்கில் நார் மாதிரி மாட்டிக்கொண்டிருக்கிறது. யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. அவரும் அதைச் சொல்லியிருக்கிறார், அதே வார்த்தை, அதே மாதிரி குரலைக் கொஞ்சம் தாழ்த்தி. புதுப்படம் ரிலீஸான மறுநாள் அவருடைய சிடி கடைக்கு வந்து தயங்கி நிற்கும் ஆட்களிடம், ஒன்றும் எழுதாத சிடியைக் காகித உறையில் போட்டு நீட்டி, கொண்டு போங்க, யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. பிள்ளை அதைக் கேட்டிருப்பாளோ? பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கடைக்குத்தான் வருவாள், கல்லாவுக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். எட்டு வயசில் கேட்டது இருபத்தாறு வயசில் வாயில் வருமா? வராது. எல்லாரும் சொல்கிற வார்த்தைதானே. ஆனால் ஏன் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்? ஆபீஸில் இருந்து பேசியிருப்பாள், அதனால். அதனாலேயேதான். பாஸ்வேர்டில் ஒரு எழுத்து தப்பு என்று பெட்டி சொன்னது. மறுபடி முதலிலிருந்து, பெஞ்சுக்குப் பெஞ்சு.

இந்தத் தடவை ஏற்றுக்கொண்டது. புதிய மென்பொருள் இறங்குகிறது, காத்திருக்கவும், இணைப்பைத் துண்டிக்க வேண்டாம் என்று எழுதி, கீழே ஒரு கோடு, கோட்டின் ஓரத்தில் நான்கு சதவீதம். அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மொசைக் தரை சில்லென்று இருந்தது, மின்விசிறி சுற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் ஒரு 'டிக்', அதற்கு எண்ணெய் விட வேண்டும், அடுத்த ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம். ஒன்பது சதவீதம். காத்திருப்பது என்றால் கோடு நகர்வதைப் பார்க்காமல் வேறெங்காவது பார்க்க வேண்டும், பார்த்தால் நகராது. அவர் சுவரில் இருந்த ஆணியைப் பார்த்தார். ஆணியைப் பார்த்திருக்கக்கூடாது. கடையிலும் இப்படி ஓர் ஆணி, அதில் ஜெனிட்டாவின் இரண்டாம் வகுப்புப் பை, மூன்றாம் வகுப்புக்குப் புதுப்பை வந்ததும் பழசு அங்கே தொங்கியது, நீலப்பை, முன்பக்கம் ஒரு வாத்துப் படம். திருட்டு சிடி பிடிக்கிறார்கள், பஸ் ஸ்டாண்டு பக்கம் இரண்டு கடையில் ரெய்டு என்று காலையிலேயே தகவல் வந்தது. சரக்கைத் தூக்கி எங்கே போடுவது என்று தெரியாமல் அந்தப் பைக்குள் திணித்து ஜிப்பை இழுத்துவிட்டார். பிள்ளையின் பையை யார் பார்க்கப்போகிறார்கள். நான்கு பேர் சாதா சட்டையில் வந்தார்கள், மரியாதையாகத்தான் பேசினார்கள், அலமாரியைப் பார்த்தார்கள், பரணைப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை, கிளம்பப்போனார்கள். அப்போது ஜெனிட்டா பள்ளியிலிருந்து வந்தாள். கடைசியாக வெளியே போன ஆள், வயசானவர், வாத்தைப் பார்த்துச் சிரித்து, இது உன் பையாம்மா என்று கேட்டார். ஆமா என்றாள். கையில் எடுத்துப் பார்த்து, பை ஏன் இவ்வளவு கனமா இருக்கு என்றார். அவ்வளவுதான். மேஜைமேல் கொட்டியபோது சிடிகள் சரசரவென்று சரிந்த சத்தம், மீன்கூடையைக் கவிழ்த்த மாதிரி. அந்தச் சத்தம் வரும்போது இன்னாசிமுத்து சிடிகளைப் பார்க்கவில்லை, போலீஸ்காரர்களைப் பார்க்கவில்லை, பிள்ளையின் முகத்தையும் பார்க்கவில்லை. அதுதான். முகத்தைப் பார்த்திருந்தால் அந்த முகம் எப்படி இருந்தது என்று தெரிந்திருக்கும், ஒரே முகத்தோடு போயிருக்கும். பார்க்காததால் பதினெட்டு வருஷமாக விதவிதமான முகங்களை அவரே செய்து செய்து பார்த்துக்கொண்டிருக்கிறார். பதினைந்து நாள் ரிமாண்டில் இருந்தபோது சாப்பாடு, கொசு, பக்கத்தில் படுத்தவனின் குறட்டை எல்லாம் பழகிப்போயிற்று. அந்த முகங்கள் மட்டும் பழகவில்லை. நாற்பத்தொன்று சதவீதம்.

"என்னங்க, ஆச்சா?" பிலோமினா கரண்டியோடு வாசலில் நின்றாள்.

"ஏதோ எறங்குது. பாதி ஆகப்போகுது."

"அதுக்கு ஏன் இப்படிச் செவுத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கீங்க?"

"சும்மாதான்."

"உப்பு பாருங்க." கரண்டியை நீட்டினாள். குழம்பு நாக்கைச் சுட்டது, சோம்பும் மிளகும் மூக்குக்கு ஏறின, சரியாக இருந்தது. சரியாக இருக்கு என்று சொன்னதும் அவள் போய்விட்டாள். வாய்க்குள் கொஞ்ச நேரம் அந்தச் சூடு இருந்தது. வீட்டில் கறி வேகிற வாசனையும், டிவியில் ஒரு கோடு மெதுவாக நிரம்புவதும், வேறு எங்கும் போக வேண்டியதில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையும், இது போதுமே என்று தோன்றியது. விடுதியில் வார்டன் ஆபீஸ் செல்வநாயகம், மகள் பெட்டி அனுப்பியதைக் கேட்டுச் சிரித்தான். இதுக்குப் போய் ஏண்ணே, ஒரு ஆப் இருக்கு, எல்லாப் படமும் வரும், பசங்க எல்லாம் அதுலதான் பாக்குறாங்க, நா போட்டுத் தரேன் என்றான். வேண்டாம்ப்பா என்றார் இவர். ஏன் என்று அவன் கேட்கவில்லை, அவனுக்குத் தெரியாது, இவர் கடை வைத்திருந்ததே அவனுக்குத் தெரியாது. பழைய கதை தெரியாத ஒருவனோடு தினமும் டீ குடிப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. நூறு சதவீதம் என்று வந்து திரை அணைந்து மறுபடி எரிந்தது.

அடுத்து ஒரு நீளமான எழுத்துக்கூட்டம். விதிமுறைகள். படித்துவிட்டுக் கீழே உள்ள பொத்தானை அழுத்தவும். எல்லாரும் படிக்காமலே அமுக்குவார்கள் என்று அவருக்குத் தெரியும், ஆனாலும் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். பதிவு செய்யக்கூடாது, நகல் எடுக்கக்கூடாது, பிறருக்கு விற்கக்கூடாது, பொது இடத்தில் திரையிடக்கூடாது. ஒவ்வொன்றையும் அவர் செய்திருக்கிறார். ஒன்றுகூட விடாமல் செய்திருக்கிறார். கோயில் திருவிழாவுக்கு வெள்ளைத்துணி கட்டிப் பொது இடத்தில் திரையிட்டதுகூட உண்டு. எழுதினவன் இவரை எதிரில் உட்கார வைத்துக் கேட்டுக் கேட்டு எழுதின மாதிரி இருந்தது. சிரிப்பு வந்தது, சிரிப்பு வந்தது ஆச்சரியமாகவும் இருந்தது. கடைசியில் அந்தப் பொத்தான்: ஒப்புக்கொள்கிறேன். சிரிப்பு நின்றது. இந்த வார்த்தைக்குக் கீழே ஒரு தடவை கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஸ்டேஷன் மேஜை, நீல மை, எழுதினவரே படித்துக் காட்டினார், மேற்கண்டவை உண்மை என ஒப்புக்கொள்கிறேன், இங்க போடுங்க. பேனா எழுதவில்லை, உதறி உதறி மூன்றாவது தடவைதான் எழுதிற்று. அது நடந்ததை ஒப்புக்கொள்வது. இது இனிமேல் நடக்கப்போவதை ஒப்புக்கொள்வது. ஒரே வார்த்தைதான், ஆனால் ஒன்று பின்னால் பார்க்கிறது, ஒன்று முன்னால் பார்க்கிறது. அவர் பெருவிரலை ரிமோட்டில் வைத்தபடி, எழுதியிருந்த கடைசி வரிவரை இன்னொரு தடவை படித்தார், அவசரப்பட யாரும் இல்லை, பிறகு அமுக்கினார். இந்தத் தடவை உதற வேண்டியிருக்கவில்லை.

அடுத்த நிமிஷம் கதவு தட்டப்பட்டது. இரண்டு தட்டு, கொஞ்சம் இடைவெளி, இன்னும் இரண்டு. மனசு என்ன நினைத்தது என்று அவருக்குத் தெரியாது, மனசு நினைப்பதற்குள் உடம்பு எழுந்துவிட்டது, கொடியில் கிடந்த துண்டை உருவிப் பெட்டியின் மேல் போட்டு, ரிமோட்டை எதிர்ச்சுவரோரம் கிடந்த மெத்தைக்கு அடியில் செருகி, டிவியின் முன்னால் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். பிலோமினா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே போய்க் கதவைத் திறந்தாள். கீழ்வீட்டுச் சகாயமேரி.

"பிலோமிக்கா, தண்ணி மோட்டார் போட்டுக்கட்டுமா? உங்க தொட்டி நெரம்பிடுச்சுல்ல?"

"நெரம்பிடுச்சு, போட்டுக்க."

"கறி வாசம் தெருமுனை வரைக்கும் வருதுக்கா."

"மத்தியானம் கிண்ணம் குடுத்து அனுப்பறேன், போ."

கதவு மூடிக்கொண்டது. பிலோமினா திரும்பி வந்து பார்த்தாள். அவர் அப்படியே நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் திரையில் வாருங்கள், இன்று என்ன பார்க்கலாம் என்று கொட்டை எழுத்தில் எரிந்துகொண்டிருந்தது, பெட்டிமேல் துண்டு கோழிக்குஞ்சை மூடினது போல் கிடந்தது. அவள் சிரித்தாள். வாயை மூடிக்கொண்டு, தோள் குலுங்க, சத்தம் வராமல் சிரித்தாள். அவருக்கும் சிரிக்கத்தான் தோன்றியது, ஆனால் முகம் அதற்கு ஒத்துழைக்கவில்லை. அதைப் பார்த்ததும் அவள் நிறுத்திக்கொண்டாள். கிட்டே வந்து துண்டை எடுத்து நான்காக மடித்தாள். மடிப்பதற்கு அவ்வளவு நேரம் தேவையில்லை.

"ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன்," என்றாள். "ஜெனி போன மாசம் வந்தப்ப கேட்டா. அப்பா இன்னுமா படம் பாக்க மாட்டேங்குறாருன்னு. நா சொன்னேன், அந்தப் பைய உம் முன்னாடி கொட்டுனாங்கள்ல, அது அவருக்கு மனசவிட்டுப் போகலன்னு."

"அவ என்ன சொன்னா?"

"அவளுக்கு யோசிச்சுத்தான் ஞாபகம் வந்துச்சு. கொட்டுனப்ப அதுக்குள்ள இருந்து அவளோட கலர் பென்சில் டப்பா உருண்டு வந்துச்சாம். ரெண்டு மாசமாக் காணோம்னு தேடிக்கிட்டிருந்தாளாம். போலீஸ் மாமாதான் எடுத்துக் குடுத்தாராம். சந்தோஷமா இருந்துச்சும்மாங்கறா."

"சந்தோஷமாவா?"

"அப்படித்தான் சொன்னா. அப்புறம் உங்களக் காணோம்னு அழுதாளாம், அது வேற. அது எல்லாப் புள்ளையும் அழுவும்." துண்டைக் கொடியில் போட்டுவிட்டு அவள் அடுப்படிக்குப் போனாள்.

அவர் மறுபடி தரையில் உட்கார்ந்தார். கலர் பென்சில். மேஜைமேல் அந்தக் குவியலை மனசில் இன்னொரு தடவை கொட்டிப் பார்த்தார், சரசரவென்று சிடிகள், அதன் நடுவில் ஒரு தகர டப்பா உருளுகிறதா என்று பார்த்தார். உருளவில்லை, அவர் பார்த்ததில் அது இல்லை. அவர் தலை குனிந்திருந்தார், அதனால் இல்லை. ஆனால் அவள் பார்த்ததில் அது மட்டும்தான் இருக்கிறது. இத்தனை வருஷம் அவர் செய்து பார்த்த முகங்களில், தொலைந்த பென்சில் கிடைத்த பிள்ளையின் முகத்தை ஒரு தடவைகூடச் செய்து பார்க்கவில்லை. செய்து பார்த்தார். வாய் கொஞ்சம் திறந்து, முன்பல் இரண்டு விழுந்த இடம் தெரிய. மூன்றாம் வகுப்பில் முன்பல் விழுந்திருந்ததா, முளைத்துவிட்டதா? முளைத்திருக்கும். எப்படியானாலும் அந்த முகம் நன்றாக இருந்தது, அதை அழிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டார். அழுதாளாம், அதுவும் இருக்கிறது, அதை இல்லையென்று ஆக்க முடியாது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்துவிட்டுப் போகட்டும். மெத்தைக்கு அடியில் கையை விட்டு ரிமோட்டை எடுத்தார்.

எந்தப் படம் என்று அவருக்குப் புதன்கிழமையே தெரியும், தேடத்தான் பயம். இல்லாமல் போனால்? இருந்தால்? கோர்ட்டில் கேஸ் நடந்த அன்று வராந்தா பெஞ்சில் பெயர் கூப்பிடக் காத்திருந்தபோது, பக்கத்தில் ஒரு ஆள் வந்து உட்கார்ந்தார், ஒல்லி, முழுக்கைச் சட்டை, கையில் ஒரு மஞ்சள் உறை. ஒரு மணி நேரமாகியும் பெயர் கூப்பிடவில்லை. பிறகு அவர் பன் வாங்கி வந்து பாதியைப் பிய்த்து நீட்டினார், இவரும் வாங்கிக்கொண்டார். எந்தக் கேஸ் என்று அவர் கேட்டார். சிடி கேஸ் சார் என்றார் இன்னாசிமுத்து. அந்த ஆள் மெல்லுவதை நிறுத்தினார். "நான் அந்தக் கேசுக்குத்தான் சாட்சி. பிடிச்சதுல நூத்திப்பத்து சிடி என் படம். ஆளில்லா கேட். நான்தான் டைரக்டர், தணிகாசலம்." எழுந்து போய்விடலாமா என்று நினைத்தார், ஆனால் பாதி பன்னைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போவது. தணிகாசலம் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். கொஞ்ச நேரம் எதிரே வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "படம் பாத்தீங்களா? எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது மாதிரி கேட்டார். பார்க்கவில்லை சார் என்றார் இவர். "நூத்திப்பத்து வச்சிருந்தீங்க, ஒண்ணுகூடப் போட்டுப் பாக்கலியா?" நேரமில்ல சார். அவர் தலையை ஆட்டினார். "தியேட்டர்ல நாலு நாள்தான் ஓடுச்சு. பாத்தவங்க யாரையும் எனக்குத் தெரியல. அதான் கேட்டேன்." அப்புறம் பெயர் கூப்பிட்டார்கள். இன்னாசிமுத்து குற்றத்தை ஒத்துக்கொண்டார், அபராதம் கட்டினார், கடை மூடினார், கேஸ் முடிந்தது. அந்தக் கேள்விதான் முடியவில்லை. ஒருவனுடைய படத்தைத் திருடி விற்பது ஒரு தப்பு. அதைத் திறந்துகூடப் பார்க்காமல் விற்பது வேறு ஒரு தப்பு, அதற்குச் சட்டத்தில் பிரிவு கிடையாது, அதனால் அபராதமும் கிடையாது, அதனால் அது தீரவும் தீராது. பிறகு எந்தப் படம் எங்கே ஓடினாலும், பேர் போடும் இடத்தில் இயக்கம் என்று வந்ததும் அந்த வேப்பமரம் வந்துவிடும். எழுந்து மோட்டார் சுவிட்சைப் பார்க்கப் போய்விடுவார்.

ஆ என்று அமுக்கினார். ளி. ல். கீழே படங்கள் வரிசையாக வந்தன, இன்னும் எழுத எழுதக் குறைந்தன, ஒவ்வொன்றாக உதிர்ந்து கடைசியில் ஒரே ஒரு சின்னப் படம். ரயில்வே தண்டவாளம், கேட் இல்லாத ஒரு கேட், சைக்கிளோடு ஒரு பெண். ஆளில்லா கேட். 2007. இரண்டு மணி, ஒன்பது நிமிடம். இருக்கிறது. யாரோ இதைத் துடைத்து எடுத்து வைத்திருக்கிறார்கள். படத்தின் கீழே ஒரு பொத்தான்: வாடகைக்கு எடு. அதற்கும் கீழே, பார்க்க ஆரம்பித்ததிலிருந்து நாற்பத்தெட்டு மணி நேரம். இரண்டு நாளா! கடையில் வாடகை சிடிக்கு அவர் இருபத்து நாலு மணி நேரம்தான் கொடுப்பார், நாளைக்குக் காலை பத்து மணிக்குள்ள கொண்டாந்துருங்க என்று நோட்டில் பெயர் எழுதுவார். கல்லாவுக்கு அந்தப் பக்கமே நின்றவர் முதல் தடவையாக இந்தப் பக்கம் வந்து நிற்கிற மாதிரி, கொஞ்சம் கூச்சமாக, கொஞ்சம் பெருமையாக இருந்தது. பணம் கட்ட, பெட்டியை அனுப்பும்போதே ஜெனிட்டா தன் கார்டைச் சேர்த்துவிட்டிருந்தாள், அதை எடுத்துவிட்டுத் தன் போனிலிருந்து தானே கட்டினார். இதை மட்டும் மகள் கட்டக்கூடாது. திரையில் நன்றி என்று வந்தது. யார் யாருக்கு நன்றி சொல்வது.

"பிலோமி! அடுப்பைக் குறைச்சுட்டு வா. போடப்போறேன்."

"என்ன படம்?"

"வந்து பாரேன்."

அவள் முகத்தைக் கழுவிவிட்டு வந்தாள், பவுடர்கூடப் போட்டிருந்தாள், அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது என்று அவருக்குத் தோன்றியது. ஜன்னல் திரையை இழுத்துவிட்டு மெத்தையில் உட்கார்ந்தாள், அவரும் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் அமுக்கினார். முதலில் இருட்டு, பிறகு தூரத்தில் ஒரு ரயில் சத்தம், இடதுபக்கத்திலிருந்து வலதுபக்கத்துக்குப் போயிற்று. அவர் விற்ற சிடியில் இந்தச் சத்தம் இப்படி இருந்திருக்காது என்று நினைத்தார். தியேட்டரில் யாரோ மடியில் கேமராவை வைத்து எடுத்தது, இருமல் இருக்கும், குழந்தை அழும், நடுவில் ஒரு தலை எழுந்து குறுக்கே போகும். இங்கே யார் தலையும் இல்லை. தண்டவாளத்தின் மேல் பனி விலகுகிறது, ஜல்லிக்கல் ஒவ்வொன்றும் தெரிகிறது. எழுத்துகள் வந்தன, ஒவ்வொரு பெயராக, ஒளிப்பதிவு, படத்தொகுப்பு. அவர் கையைத் தொடையின் மேல் ஊன்றிக்கொண்டார், எழுந்துவிடாமல் இருக்க. எழுத்து, இயக்கம், தணிகாசலம். வேப்பமரம் வந்தது. வந்து, நின்று, பிறகு பெயர் மறைந்து சைக்கிளில் ஒரு பெண் வர, அதுவும் போய்விட்டது. அவர் உட்கார்ந்திருந்தார்.

கேட் இல்லாத தண்டவாளத்தில் ஆடு மாடு அடிபடுகிறது என்று ஊரே மனுப்போட்டு ஒரு கேட்மேனை வரவழைக்கிறது. வந்தபின் கேட்டை மூடினால் காத்திருக்க வேண்டியிருக்கிறதே என்று அதே ஊர் அவனைத் திட்டுகிறது. அவ்வளவுதான் கதை. முதல் அரைமணி இழுவைதான், கேட்மேனாக நடித்தவன் வசனத்தை ஒப்பிக்கிறான், ஒரு பாட்டு அநாவசியம். இன்னாசிமுத்துவுக்குப் பழைய பழக்கம் திரும்பிவிட்டது, இது யாருக்குப் பிடிக்கும், யாருக்குக் கொடுக்கலாம் என்று மனசு தானாகக் கணக்குப் போட்டது. ஒரு கல்யாணக் கார் மூடிய கேட்டில் வந்து மாட்டுகிறது. ரயில் லேட். மாப்பிள்ளை வீட்டார் கத்துகிறார்கள். மணப்பெண் காரிலிருந்து இறங்கி, பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்மேனிடம் போய், அண்ணே, இன்னும் எவ்வளவு நேரம் மூடி வைக்க முடியும் என்று ரகசியமாகக் கேட்கிறாள். அவன் அவள் முகத்தைப் பார்க்கிறான், கடிகாரத்தைப் பார்க்கிறான், உனக்கு எவ்வளவு நேரம் வேணும்மா என்கிறான். பிலோமினா பட்டென்று சிரித்து, சிரிப்பு பாதியில் நின்று, அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நல்லாருக்கு சார், என்று அவர் மனசுக்குள் சொன்னார். பாட்டு வேண்டாம், அந்தப் பையனை மாற்றியிருக்கலாம், ஆனால் இந்த இடம் நல்லாருக்கு. இன்னும் பாதி இருக்கு, முழுசாப் பாத்துட்டுச் சொல்றேன். தணிகாசலம் எங்கே இருக்கிறாரோ, இருக்கிறாரோ இல்லையோ, தெரியாது, தேடிப் பார்க்க வேண்டும், திங்கட்கிழமை செல்வநாயகத்திடம் சொன்னால் போனில் தேடித் தருவான், அப்போது அவனிடம் கடைக் கதையையும் சொல்ல வேண்டியிருக்கும், சொன்னால் என்ன.

போன் அடித்தது. ஜெனிட்டா. பார்வையைத் திரையிலிருந்து எடுக்காமலே காதில் வைத்தார்.

"அப்பா, பெட்டி கனெக்ட் ஆயிடுச்சா? ஏதாவது ப்ராப்ளமா?"

"அதெல்லாம் ஆயிடுச்சு."

"எதுக்கும் செட்டிங்ஸ்ல போயி..."

"ஜெனி, படம் ஓடிக்கிட்டிருக்கும்மா. முடிஞ்சதும் பேசறேன், வை."

அந்தப் பக்கமிருந்து மூக்கை உறிஞ்சுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. "சரிப்பா," என்றாள். "பாருங்க. நா வக்கிறேன்."

"புள்ளகிட்ட இப்படியா பேசுவாங்க?" என்றாள் பிலோமினா.

"பேசிட்டிருந்தா சீன் போயிடும்ல?"

"இப்பவே போயிடுச்சு. அவளுக்கு எவ்வளவு நேரம் வேணும்னு சொன்னா? காதுல விழல. கொஞ்சம் பின்னாடி ஓட்டுங்க."

அவர் ஓட்டினார். ரயில் பின்னால் போயிற்று, கல்யாணக் கார் பின்னால் போயிற்று, மணப்பெண் புடவையைத் தூக்கிப் பிடித்தபடி பின்னாலேயே நடந்து காருக்குள் ஏறினாள். போதும், போதும் என்றாள் பிலோமினா. அவர் விரலை எடுத்துவிட்டு, காலை நீட்டி, சுவரில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.